சகலையின் விரால் குட்டை

நான் யாரையாவது பார்த்து வயிறெரிந்திருக்கிறேன் என்றால் அது என் சகலையைப் பார்த்துத்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். தாராபுரம் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் அவருக்குத் தோட்டம். அதற்கு மேலே என் மேட்டுக்காடு. போர் போட்டால் புழுதிதான் வரும். மீன் வளர்க்க ஆசைப்பட்டு மீன்வளத்துறையின் இரண்டு நாள் வகுப்புக்குப் போனவன் நான். குட்டை வெட்டி விரால் விட்டவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில், மாமனார் வீட்டில் எந்த விருந்தென்றாலும் அவர் மீன்தான். "சின்ன மாப்பிள்ளை குட்டை மீனு, ருசியே தனிங்க" என்று மாமனார் என் தட்டிலேயே ஒரு துண்டு வைப்பார். முள்ளோடு விழுங்குவேன்.

ஒரு கார்த்திகையில் சகலை சபரிமலைக்கு மாலை போட்டார். விரதத்தில் மீன் பக்கமே போகக்கூடாதென்று குட்டையை என்னிடம் விட்டார்.

"ஏனுங்ணா, நீங்க வகுப்புக்கெல்லாம் போயிட்டு வந்தவருங்க. நான் மலையேறிட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க."

பார்த்தேன். மழை விட்ட மறுவாரம் கரையோரம் இரண்டு விரால் அசையாமல் மிதந்து நின்றன. விலாவில் காசளவு சிவந்த புண். வகுப்பில் படம் போட்டுக் காட்டிய அதே புண். இந்த நோய் மனிதருக்கு ஒட்டாது, ஆனால் குட்டையை வழித்துவிடும், எந்த நாட்டில் தலைகாட்டினாலும் மறைக்காமல் மற்ற நாடுகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்றார் அதிகாரி. ஆரம்பத்திலேயே சுண்ணாம்பு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றும் சொன்னார். கடல் தாண்டிச் சொல்ல வேண்டியதை நான் வரப்பு தாண்டிக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் சகலை வந்து மீன் எப்படி இருக்கிறதென்று கேட்டார்.

"அருமையா இருக்குதுங்க தம்பி" என்றேன். பொய் சொல்வானேன், அப்போது மனசு குளுகுளுவென்றுதான் இருந்தது.

அவர் மலையிறங்கி வந்தபோது குட்டை முழுக்க செத்த மீன். நாற்றம் ரோடு வரை அடித்தது. துக்கம் விசாரிக்க மாமனாரும் வந்துவிட்டார். சகலை கரையில் உட்கார்ந்து அழுதார்.

"என்ற தப்புதானுங்க மாமா. மாலையோட இருக்கையில, பொங்கல் முடிஞ்சு மீன் திங்கோணும்னு மனசுல நெனச்சுப்போட்டேன். சாமி பாத்துட்டாரு. அண்ணன் தெனமும் வந்து பாத்தாருங்க, அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலையிலிருந்து கொண்டுவந்த அரவணைப் பாயச டப்பாவை உடைத்தார். முதல் கரண்டி என் கையில். மாமனார் என் தோளைத் தட்டினார்.

"என்ன இருந்தாலும் பெரிய மாப்பிள்ளை மாதிரி வருமுங்களா!"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தேன். கையிலிருந்த பாயசத்தை மாமனார் கையில் மாற்றினேன்.

சகலை அதற்குப் பிறகு மீனைத் தொடவே இல்லை. சாமி குத்தம் என்றுதான் இன்றும் நம்புகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.