எடை கட்டாத துப்பாக்கி

பெர்ன் மாநிலத்து ஹோல்ஸ்பாக் கிராமத்தில் பழைய கைத்துப்பாக்கி ஒன்று கைமாறப் போகிறது என்றால், வாங்குகிறவர் முதலில் கேட்பது "லோட்டி பார்த்தாச்சா?" என்றுதான். விலைப் பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

லோட்டி நீடெக்கருக்கு அறுபத்தொரு வயது. ஊர்ச் சீஸ் பண்ணையில் இருபத்தேழு வருடம் சக்கரம் சக்கரமாகச் சீஸைத் திருப்பிப் போட்டு, உப்புநீர் தடவித் தடவி விரல்நுனியெல்லாம் தடித்துப் போனவள். குறி பார்த்துச் சுடுவதில் அவள் சுமார்தான். பத்துக்கு வைத்தால் ஏழில் போய் விழும். ஆனால் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தில் போட்டி என்றால் சுடும் கூடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதித்து உள்ளே அனுப்புகிறவள் அவள்தான். குழலை வானம் பார்க்க நிறுத்துவாள். சுட விரல் வைக்கும் விசையில் ஒரு கிலோ எடையைக் கொக்கியால் மாட்டி மெல்லத் தூக்குவாள். எடை மேசையை விட்டு எழும்பினால் சரி. எழும்பும் முன்பே 'டிக்' என்று விசை விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விசை லேசாக இருந்தால் அழுத்தும்போது கை அசையாது, குறி தப்பாது. அதனால்தான் இத்தனை கண்டிப்பு.

பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அந்த எடையையும் திருப்புளிகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளாரா சால்ஸ்மன் வீட்டுக்குப் போனாள் லோட்டி. கிளாராவின் கணவன் ஓட்டோ இறந்து ஐந்து மாதம். இருபது வருடம் சங்கத்துக்குத் தலைவனாக இருந்தவன். லோட்டியின் மகள் சில்வியாவுக்கு ஞானத்தகப்பன். அவன் துப்பாக்கியை ஆறு மாதத்துக்குள் கிளாரா தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அல்லது விற்றுவிட வேண்டும்.

"வாடி லோட்டி. பூட்ஸைக் கழட்டாதே, தரை ஐஸா இருக்கு. காபி முதல்ல குடி" என்றாள் கிளாரா. பின்னல் ரொட்டியும் வெண்ணெயும் மேசையில் இருந்தன. பக்கத்தில் பழைய சமையலறைத் துணியில் சுற்றி, துப்பாக்கி.

"தூன் டவுன்லேருந்து ஒரு வாத்தியார் சனிக்கிழமை வரார். ஆயிரத்து நானூறு ஃபிராங்க் சொல்லியிருக்கேன். அதிகமாடி? ஃபோன்ல ஒரு பெருமூச்சு விட்டார் பாரு, பால் பொங்கி அடங்கின மாதிரி! அப்புறம், 'லோட்டின்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்க பார்த்துட்டுச் சொன்னா கொடுத்துடறேன்'ங்கறார். தூன் வரைக்கும் உன் பேரு போயிருக்கு."

"ஜன்னல் பக்கமா நகர்த்து. பார்க்கலாம்."

லோட்டி தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் தோட்டா அறை காலி என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, குழலுக்குள் சின்ன டார்ச்சை அடித்தாள். உள்ளே வரிகள் புதுசாக மின்னின. குழல் வாயில் ஒரு கீறல் இல்லை. மேல்பாகத்தை இழுத்து ஆட்டிப் பார்த்தாள், ஆட்டமில்லை. வால்நட் கைப்பிடியை ஓட்டோ தன் கைக்கென்று அரம் போட்டுச் செதுக்கியிருந்தான். அது மட்டும்தான் குறை. வேறு கைக்கு வேறு பிடி வாங்க இருநூறாவது ஆகும்.

"முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தேன், என்னை ஒரு தடவையாவது இப்படி டார்ச் அடிச்சுப் பார்த்திருப்பாரா மனுஷன்?" என்று கிளாரா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இந்தக் காசு வந்தா கல்லறைக் கல்லுக்குத்தான்டி. 'பெர்ன் மாநில வெற்றியாளர்'னு செதுக்கச் சொல்லியிருக்கேன். எழுத்துக்கு இவ்வளவுன்னு கணக்காம். அடப் பாவிகளா!"

லோட்டி எடையை மேசையில் வைத்து, விசையில் கொக்கியை மாட்டித் தூக்கினாள்.

டிக்.

எடை அசையவே இல்லை. மறுபடி மாட்டினாள். டிக். மூன்றாவது முறையும் டிக். பையிலிருந்து வில் தராசை எடுத்து இழுத்துப் பார்த்தாள். எழுநூறு கிராமில் விழுந்தது. விசைக்குப் பின்னாலிருந்த திருகின் மேல் டார்ச்சைத் திருப்பினாள். திருகு தானாகச் சுழலாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பது சுடுகிறவர்களின் வழக்கம். இதிலும் இருந்தது. அடர்ந்த செம்பருத்திச் சிவப்பு. காய்ந்து கண்ணாடியாகியிருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை.

எட்டிப் பார்த்த கிளாரா கன்னத்தில் கை வைத்தாள். "ஐயோ, இந்தக் கலரா! எங்க அண்ணன் பொண்ணு உர்சுலா கல்யாணத்துக்குன்னு வாங்கினதுடி. ஒரே தடவை போட்டேன். மறுநாள் பாட்டிலைக் காணோம். பார்த்தா, துப்பாக்கிக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டார். மூடியைச் சரியா மூடாம காயவிட்டு, ஜூன்ல புல் அறுக்கிறதுக்குள்ள அது குப்பைக்குப் போயிடுச்சு. எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா?"

உர்சுலாவின் கல்யாணம் பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு மே மாதத்தில் நடந்தது. மாநில இறுதிப் போட்டி அதே வருடம் செப்டம்பரில், ஹோல்ஸ்பாக் கூடத்திலேயே. விரிசல் விழாத சொட்டு என்றால், திருகு அன்றும் இதே இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் போட்டியை ஹோல்ஸ்பாக் மறக்கவில்லை. மறக்க விட்டதும் இல்லை. ஓட்டோ ஐநூற்று எழுபத்தெட்டு புள்ளி. லோட்டியின் கணவன் எர்வின் ஐநூற்று எழுபத்தேழு. ஒரே ஊரிலிருந்து முதலாவதும் இரண்டாவதும் என்று வாத்தியம் வைத்து இருவரையும் ஊரைச் சுற்றி அழைத்து வந்தார்கள். மறுவாரமே சத்திரத்தில் யாரோ, "ஏய் ஒரு புள்ளி, அந்த பீரை இப்படித் தள்ளு" என்றான். அன்றிலிருந்து எர்வினுக்கு அதுதான் பெயர். ஒரு புள்ளி எர்வின். மரம் அறுக்கும் ஆலையில் ஒரு புள்ளி, தேவாலயத்து வாசலில் ஒரு புள்ளி. அந்தக் குளிர்காலம் அவன் தன் துப்பாக்கியை விற்றான். அதற்குப் பிறகு சுடும் கூடத்துப் படியை மிதிக்கவில்லை. பேச்சும் ஒவ்வொன்றாகக் குறைந்துபோனது.

போட்டியன்று வாசல் மேசையில் இருந்தவள் லோட்டி. எர்வின் தன் துப்பாக்கியை நீட்டியபோது வரிசையில் நின்ற ஒருவன், "புருஷன்னா கண்ணை மூடிக்குவா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லோட்டிக்கு முகம் சிவந்தது. எடையை ஒரு முறை மாட்டித் தூக்கிக் காட்டினாள். இறக்கி, மறுபடி மாட்டித் தூக்கிக் காட்டினாள். "போதுமா?" என்றாள்.

நாலு பேர் தள்ளி ஓட்டோ வந்தான். "என்ன லோட்டி, சில்வியாவோட ஞானத்தகப்பனையே சந்தேகப்படப் போறியா? மணி ஆகுது, அம்மா தாயே" என்று கண்ணடித்தான். வரிசை நீண்டிருந்தது. எடை கையிலேயே இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே பரிசோதித்த அடையாளச் சீட்டை அவன் துப்பாக்கிமேல் ஒட்டி உள்ளே அனுப்பினாள்.

பட்டம் வாங்கிய துப்பாக்கி என்று அதன் பிறகு ஓட்டோ அதைப் போட்டிக்கே எடுக்கவில்லை. இப்போது அது அவள் கையில் இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். கோபமாவது வரும் என்று நினைத்தாள். நெஞ்சு பனி மூடிய வயலாகக் கிடந்தது. ஃபிரிட்ஜ் இரைவது கேட்டது. கிளாரா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதைப் பார்த்தாள்.

இந்த விசையோடு துப்பாக்கி ஆயிரத்து நானூறுக்குத் தகாது. போட்டிக்கு ஆகாத துப்பாக்கியை யார் வாங்குவார்? திருகை இறுக்கி ஒரு கிலோவுக்குக் கொண்டு வந்தால் சொன்ன விலைக்குத் தாராளமாகத் தகும். பத்து நிமிட வேலை. ஆனால் இறுக்க வேண்டுமென்றால் அந்தச் சிவப்பை உடைக்க வேண்டும். உடைத்தால் எர்வினின் ஒரு புள்ளிக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் வேறெதுவும் இல்லை.

"என்னடி, தகுமா தகாதா?"

"வெள்ளிக்கிழமை வரேன் கிளாரா. ஒரு வேலை இருக்கு இதுல."

வீட்டில் எர்வின் உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் அவள் ஒன்றையே நினைத்து நடந்து வந்திருந்தாள். கேட்டதும் அவன் எழுந்து நிற்பான். ஓட்டோவின் பெயரைச் சொல்லிக் கத்துவான். சத்திரத்துக்குப் போய் மேசையைத் தட்டுவான். பத்தொன்பது வருடம் குனிந்த தலை ஒரு நாளாவது நிமிரும்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "எர்வின், ஓட்டோவோட பிஸ்டல் எழுநூறுல விழுது. அந்தப் போட்டியன்னிக்கும் அப்படித்தான் இருந்திருக்கு."

அவன் துருவுவதை நிறுத்தவில்லை. "வாசல்ல நீதானே இருந்த."

"அவனுக்கு நான் எடை கட்டலை."

துருவல் நின்றது.

"எனக்கு?"

"உனக்கு ரெண்டு தடவை கட்டினேன்."

"ரெண்டு தடவை" என்றான் எர்வின். கையில் ஒட்டியிருந்த கிழங்கைத் துணியில் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. ஓட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனான். சில்வியா கல்யாணமாகிப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அறையின் கதவு திறந்து சாத்தியது அவள் காதில் விழுந்தது. துருவிய கிழங்கு கிண்ணத்தில் கறுத்தது. அதைக் கொட்ட வேண்டும் என்று தோன்றியது; கொட்டினாள். அவ்வளவுதான். புதனும் வியாழனும் அந்த வீட்டில் கடிகாரம் மட்டும்தான் பேசியது.

ஓட்டோவை அவன் ஒரு நொடியில் விட்டுவிட்டான். அவளை விடவில்லை. லோட்டி சீஸ் பண்ணையில் உப்புநீருக்குள் கையை விட்டபடி அதை நினைத்துப் பார்த்தாள். அவன் கணக்கில் அந்தப் புள்ளியை எடுத்தது ஓட்டோ இல்லை, அவள்தான் என்றால், அந்தச் சிவப்புச் சொட்டை யாருக்காகக் காப்பாற்றி வைப்பது? யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? சத்திரத்துக் குடிகாரர்களிடமா? இல்லை, கல்லில் பெயர் செதுக்கக் காத்திருக்கும் கிளாராவிடமா?

வெள்ளிக்கிழமை ஊசிமுனையால் நகப்பூச்சைச் சுரண்டினாள். சிவப்புத் தூள் மேசைவிரிப்பில் உதிர்ந்தது. திருகைக் கால் சுற்றுத் திருப்பினாள். எடை கட்டினாள். டிக். இன்னும் கால் சுற்று. எடை அசைந்தது, விழுந்தது. இன்னும் ஒரு இழை. ஒரு கிலோ மேசையை விட்டு எழும்பிக் காற்றில் நின்றது. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் நின்றது.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கிளாரா, "இவ்வளவு நேரமா என்னடி திருகுற?" என்றாள்.

"ட்ரிகர் லேசா இருந்துது. போட்டிக்கு ஆகாது. சரி பண்ணிட்டேன். ஆயிரத்து நானூறுக்குத் தாராளமாத் தகும்னு வாத்தியார்கிட்டச் சொல்லு. கைப்பிடி மட்டும் அவர் மாத்திக்கணும், அதையும் சொல்லிடு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

கிளாராவின் கையிலிருந்த துணி நின்றது. அவள் மேசைவிரிப்பைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் துப்பாக்கிக்காரனோடு வாழ்ந்தவளுக்கு லேசான விசை என்றால் என்னவென்று தெரியாதா?

"எப்பலேருந்து லேசா இருந்துது?" என்றாள்.

லோட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நொடி. ஒரு வாழ்க்கையைக் கவிழ்த்துப்போட அது போதும்.

"தெரியலை கிளாரா. வில்லு பழசானா தளர்ந்து போகும்."

"அப்படியா."

கிளாரா துணியைத் தோளில் போட்டாள். சிவப்புத் தூளை ஒரு கையால் கூட்டி மறு கையில் ஏந்திக்கொண்டு போய், குழாயைத் திறந்து கழுவினாள். தூள் போன பிறகும் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. லோட்டி தாளில் விலையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது எர்வின் சமையலறையில்தான் இருந்தான். கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தான். அவள் பையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"என்ன விலை சொன்ன?"

மூன்று நாளில் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"ஆயிரத்து நானூறு."

"குழல் எப்படி?"

"தேயலை. புதுசு மாதிரி இருக்கு."

"ட்ரிகர்?"

"இப்பக் கிலோ நிக்குது."

எர்வின் கத்தியைக் கழுவினான். துடைத்தான். இழுப்பறைக்குள் வைத்தான்.

"அப்பத் தகும்" என்றான்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்கு உப்பு தேவைப்பட்டபோது கேட்காமலே நகர்த்திக் கொடுத்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அன்றும் சில்வியாவின் அறைக்கே போனான்.