விலாசத்தை மட்டும் அவரே எழுதுவார்

தாசன் அண்ணை இறந்துவிட்டார் என்பதை எனக்குச் சொன்னவன் பால் வான் ஓட்டும் சிவா. காலை ஆறரை மணி இருக்கும். "அக்கா, கடை வாசல்ல அம்புலன்ஸ் நிக்குது. அண்ணை விழுந்து கிடக்கிறார். ஓடி வாங்கோ" என்றான். வீட்டுச் செருப்போடு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாகனத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். அவசரம் எதுவும் இல்லாமல் சாத்தினார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வாசலில் அன்றைய பேப்பர்க் கட்டு கயிறு அறுபட்டபடி கிடந்தது. பக்கத்தில் அவருடைய சின்னக் கத்தி.

முதல் நாள் மாலைதான், "தங்கச்சி, நாளைக்குக் கறிவேப்பிலை வரும், வெள்ளன வாங்கோ" என்று சொல்லி அனுப்பினார். ஒரு நாள் தலையிடி என்று படுத்த மனிதரில்லை. மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். இதை எழுதும்போதும் எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

ஃபாரஸ்ட் கேட்டில் அவருடைய கடைக்கு வந்து போன உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முழுப் பெயர் சூசைதாசன், மன்னார்க்காரர். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, மனைவி றீற்றா அக்காவோடும் ஒரே மகள் டிலானியோடும் லண்டனுக்கு வந்து கடை போட்டவர். ஞாயிறு காலைப் பூசை முடியும்வரை கடை திறக்கமாட்டார். மகள் எங்கே என்று கேட்டால், "ஜெர்மனியில வேலை" என்பார். வளர்ந்த இடத்துக்கே திரும்பிப் போயிருக்கிறாள் என்று நாங்களும் இருந்துவிட்டோம். நான் அந்தக் கடையில் ஏழு வருடம் கல்லாவில் நின்றவள். அவருடைய சட்டை அளவு முதல் பிரஷருக்குப் போடும் குளிசை வரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை நினைத்துத்தான் இப்போது தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

பேப்பர்க் கட்டிலிருந்து தொடங்குகிறேன். காலையில் கடைக்கு முதலில் வருவது அவர்தான். ஆனால் உள்ளே போய் லைற்றைப் போடமாட்டார். வாசல் விளக்கின் கீழ் குந்தியிருந்து கட்டை அறுத்து, மேலே இருக்கும் பேப்பரை எடுத்து விரித்து, விரலை வைத்து வைத்து வாசிப்பார். அந்த நாட்களில் பேப்பர்களில் இரண்டு வகைப் படைவீரர் படங்கள்தான் வரும். ஒன்று, கறுப்புக் கண்ணாடியும் துவக்குமாகப் புழுதிக்குள் நிற்கும் வீரன். முழுப் பக்கத்துக்கு வருவான். மற்றது, சீருடையில் சிரித்தபடி எடுத்த சின்னப் படம். சின்னப் படம் வந்தால் அந்தப் பிள்ளை ஆப்கானிஸ்தானிலோ ஈராக்கிலோ செத்துப்போனது என்று அர்த்தம். அண்ணை தேடியது சின்னப் படத்தை.

"என்ன அண்ணை, இங்கிலீஷ் படிக்கிறியளோ?" என்று ஒரு நாள் பகிடி பண்ணினேன்.

"இல்லைத் தங்கச்சி. செத்தவையின்ர பேர் பாக்கிறன்."

எங்கள் ஆட்கள் எந்தப் பேப்பரை எடுத்தாலும் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் திருப்புவார்கள். நானும் அப்படித்தான். வெள்ளைக்காரப் பேப்பரிலும் அந்தப் பழக்கம் விடவில்லை என்று சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்தது பார்சல்கள். மாதம் ஒரு தரம் ஒரு பெட்டி கட்டுவார். "தெரிஞ்ச ஆக்களின்ர பிள்ளை ஒண்டு ஆமியில நிக்குது. சாப்பாடு சப்பெண்டு இருக்காம். கொஞ்சம் சாமான் அனுப்புவம்" என்றார். கடைக்கு வரும் வெள்ளைக்கார அம்மாக்களில் ஒருத்தியின் மகன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு கிலோவுக்குள் இருந்தால் தபாற்செலவு இல்லை. அதனால் கடைத் தராசில் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டுவார், குறைப்பார். கால் வெடிப்புக்குப் பூசும் களிம்பு, பவுடர், ஈரத் துடைப்பான், பருத்திக் காலுறை, இஞ்சி பிஸ்கட். அதோடு என்னிடம் மாசிக் கருவாடும் மிளகாயும் போட்டு மாசிச் சம்பல் இடித்துத் தரச்சொல்லிக் கேட்டார். பிளாஸ்ரிக் போத்தலில் இறுக்கி அடைத்துக் கொடுப்பேன்.

"வெள்ளைக்காரப் பெடியனுக்கு மாசிச் சம்பலோ அண்ணை? வயித்தால போய்ச் சாகப் போகுது."

"ஆருக்கும் நாக்கு ஒண்டுதானே தங்கச்சி. உறைப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ."

பெட்டியை நான் கட்டுவேன், நான் ஒட்டுவேன். விலாசத்தை மட்டும் அவரே எழுதுவார். கறுப்பு மார்க்கர் பேனையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் எழுதி, கையோடு தபாற்கந்தோருக்குக் கொண்டு போய்விடுவார். என்னுடைய எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் என்று நினைத்தேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் விடுமுறையில் வந்த ஒரு இளம் படைவீரன் கடைக்குள் வந்தான். சீருடை, முதுகில் பெரிய பை. பாலும் பாணும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். கன்னத்தில் பருக்கள் கூட ஆறாத பெடியன் என்று அண்ணை பிறகு சொன்னார். நான் அவனுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டேன். என்னுடைய தம்பியை யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. அது வேறு நாட்டு ஆமி, வேறு உடுப்பு என்று எனக்குத் தெரியும். என் கைகாலுக்குத் தெரியாது.

அண்ணை அவனுக்குச் சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பின்னறைக்கு வந்தார். கோபப்படவில்லை. "தங்கச்சி, அவனுக்குப் பாலும் பாணும்தானே வேணும்" என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். "உடுப்புப் போட்டதெல்லாம் ஒண்டுதான் அண்ணை. அதுகளைச் சொல்லிக் குற்றமில்லை. பெத்து வளத்து அந்த உடுப்பைப் போட விட்ட தாய் தேப்பனைச் சொல்லோணும். அதுகளும் மனிசரோ?" என்றேன்.

அவர் கடலை ரின்களை எடுத்து, நேராக இருந்தவற்றையே மறுபடி நேராக அடுக்கினார். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் டிலானி வந்து சேர்ந்தாள். செத்தவீட்டில் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். முகமும் கழுத்தும் வெயிலில் கருகித் தோல் உரிந்திருந்தது. "ஜெர்மனியில நல்ல குளிரோ பிள்ளை?" என்று கேட்டேன். கேட்க வேறு ஒன்றும் வரவில்லை. "இல்லை அன்ரி, சரியான வெக்கை" என்றாள். ஐப்பசி மாதத்து ஜெர்மனியில் என்ன வெக்கை என்று ஒரு கணம் யோசித்தேன். துக்கத்தில் எதையோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடக்கப் பூசைக்குத் தேவாலயம் நிறைந்திருந்தது. ஈஸ்ட் ஹாமிலிருந்தும் மோர்டனிலிருந்தும் சனம் வந்திருந்தது. பெட்டியை உள்ளே கொண்டுவரும் நேரம் எல்லோரும் எழும்பித் திரும்பிப் பார்த்தோம். முன்னால் மூன்று பிரித்தானியப் படைவீரர்கள் நடந்து வந்தார்கள். பளபளக்கும் சப்பாத்து, இடுப்பில் பட்டி, தொப்பி கையில். சப்பாத்துச் சத்தம் கல் நிலத்தில் விழுந்ததும் தேவாலயம் முழுவதும் ஒரு மூச்சு நின்றது. எனக்கு முன் வரிசை வாங்கிலிருந்த ஒரு தாய் பிள்ளையை இழுத்துச் சேலைக்குள் மறைத்தாள். வயதான ஒருவர் கைகளைப் பாதி உயர்த்திவிட்டு, பிறகு வெட்கப்பட்டுக் கீழே போட்டார். என்னுடைய கை கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. லண்டனில், ஒரு தேவாலயத்துக்குள், பதினைந்து வருடத்துக்குப் பிறகு.

நடுவில் வந்தவள் டிலானி.

பக்கத்தில் யாரோ, "தாசன்ர பெட்டையல்லோ? ஐயோ, ஆமியில சேந்திட்டாளோ?" என்று கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் கேட்டது. நான் சொன்ன சொல் ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றது. ஏழு வருடம் பக்கத்தில் நின்ற மனிதரின் முகத்துக்கு நேரே, நீயும் மனிதனா என்று கேட்டிருக்கிறேன். அவர் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து பங்கு மண்டபத்தில் சாப்பாடு. ஒருவரும் அவளுக்குக் கிட்டப் போகவில்லை. அவளும் கூட வந்த இரண்டு பெடியன்களும் ஒரு மேசையில் தனியே இருந்தார்கள். சோற்றுக் கோப்பைகளைக் கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்தேன். அவளே தொடங்கினாள்.

"அன்ரி, சம்பல் நீங்கதானே செய்யிறது? அங்க எல்லாருக்கும் அது வேணும். பீன்ஸுக்கு மேல போட்டுச் சாப்பிடுவினம். அந்தப் போத்தலுக்குப் பேரே 'அன்ரி'தான். பாஸ் மீ தி அன்ரி எண்டுதான் கேப்பினம்."

கூட இருந்த பெடியன்களில் ஒருவன் என்னை நிமிர்ந்து பார்த்து, எழுந்து நின்று கைகொடுத்தான். இந்த முறை நான் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் பருக்கள் ஆறவில்லை.

"நீ அங்க என்ன பிள்ளை செய்யிறாய்? துவக்கோட நிக்கிறனியோ?"

"துவக்கு இருக்கு அன்ரி, கிளீன் பண்ணுறதுதான் கூட. நான் செஃப். நாள் முழுக்க ரென்ருக்குள்ள வெங்காயம் வெட்டுறன். ரீவியில காட்டுற மாதிரி ஒண்டுமில்லை. உடுப்பை வாளியில தோய்க்கிறது, காலுக்குப் பவுடர் போடுறது, லெட்டர் வருமோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது. எல்லாத்திலயும் மண். தேத்தண்ணியிலயும் மண்." சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். "சில நாள்ல காலமை சாப்பிட்ட ஆக்கள் பின்னேரம் சாப்பிட வரமாட்டினம். அண்டைக்கு எத்தினை பிளேட் வைக்கிறது எண்டு தெரியாது."

நான் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். "பிள்ளை, நான் அப்பாவுக்கு ஒருக்கா ஒரு கதை சொன்னனான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அன்ரி. அப்பா ஃபோனில சொன்னவர். உங்கட தம்பியின்ர கதையும் சொன்னவர். 'அவ சொல்லுறதில பிழையில்லை. ஆனா என்ர பிள்ளைக்குச் சம்பல் இடிக்கிறதும் அவதான்' எண்டு சொன்னவர்."

மிச்சத்தை றீற்றா அக்கா பிறகு சொன்னார். மகள் ஆமியில் சேர்ந்த புதிதில் தாசன் அண்ணை மூன்று மாதம் அவளோடு கதைக்கவில்லையாம். "ஊரில ஆமியைக் கண்டு ஓடினன். இஞ்ச வந்து ஆமிக்கே பிள்ளையைக் குடுத்திட்டன். ஆருக்குச் சொல்லி அழுறது?" என்று கேட்பாராம். அவள் வேலை செய்த முகாம் ஜெர்மனியில்தான் இருந்தது. அங்கிருந்துதான் போருக்கு அனுப்பினார்கள். ஆகவே அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். ஒரு முறை அவள் விடுமுறையில் வந்தபோது, வீட்டின் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, "ஒருக்காப் போட்டுக் காட்டு பிள்ளை" என்று கேட்டாராம். அவள் சீருடையில் வந்து நின்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். சப்பாத்து நாடா ஒன்று தளர்ந்திருந்ததைக் குனிந்து இறுக்கிக் கட்டினாராம். படம் எடுக்கவில்லை. "திரையைத் திறந்து வைச்சுப் போட்டுக் காட்டோணும் எண்டுதான் அம்மா இண்டைக்குப் போட்டனான்" என்று டிலானி அடக்கத்தன்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் விழுந்த அன்றைய பேப்பரை எடுத்துத் தேடிப் பார்த்தேன். பயந்து பயந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். படைவீரர் யாரும் இறக்கவில்லை. முன்பக்கத்தில் காற்பந்து. அந்த ஒரு காலை மட்டும் அவர் நிம்மதியாகப் பார்த்திருக்கிறார் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. எனக்குத் தெரியாது.

டிலானி மீண்டும் போய்விட்டாள். கடையை நானும் றீற்றா அக்காவும் பார்க்கிறோம். போன கிழமை பெட்டி கட்டினேன். தராசில் நூறு கிராம் கூடியது. பிஸ்கட்டை எடுத்துவிட்டுச் சம்பலை விட்டேன். றீற்றா அக்கா விலாசத்தை என்னையே எழுதச் சொன்னார். அதனால் கறுப்பு மார்க்கரை நான்தான் எடுத்தேன். பின்னறைக்குப் போகவில்லை. கல்லாவில், சனம் பார்க்க எழுதினேன். முதலில் ஒரு இலக்கம், பிறகு பதவி, பிறகு அவளுடைய பெயர், கடைசியாக அவளுடைய அப்பாவின் பெயர்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பேனையும் அந்தக் காலை வேலையும்தான். வாசல் விளக்கின் கீழ் குந்தியிருந்து கட்டை அறுக்கிறேன். சின்னப் படங்களைத் தேடுகிறேன். விரலை வைத்து வைத்து வாசிக்கிறேன். சூசைதாசன் என்ற பெயர் அங்கே இல்லை என்று கண்ட பிறகுதான் உள்ளே போய் லைற்றைப் போடுகிறேன்.