பாட்டுக்கு நடுவே ஒரு விசில்

தையல்காரம்மாவுக்குத் தெருவில் தைரியசாலி என்று பெயர். அளவு தப்பிவிட்டதென்று சண்டைக்கு வந்த போலீஸ்காரரையே, "உங்க வயிறு பெருத்தா அதுக்கும் நானா பொறுப்பு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர். ஆனால் அவருடைய மெஷின் மட்டும் எப்போதும் வாசலைப் பார்த்தபடியே கிடக்கும். கேட்டால் வெளிச்சத்துக்காக என்பார். வெளிச்சம் வருவதென்னவோ பின்பக்கத்து ஜன்னல் வழியாகத்தான்.

போட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி, மூன்று வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்த நகரத்துக்கு ஓடி வந்தவர் அவர். இங்கே இருப்பது கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அப்பா செத்துவிட்டார் என்றுதான் மகளிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த மகள் இப்போது கல்லூரியில் ராக் பேண்ட் வைத்துக்கொண்டு வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருக்கிறாள்.

அன்று மத்தியானம் காலர் துணியை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் மகள் போனை நீட்டினாள். "உன் காலத்துப் பாட்டும்மா. நாங்க எங்க ஸ்டைல்ல பாடியிருக்கோம். முழுசாக் கேட்டுட்டுத் திட்டு."

பழைய காதல் பாட்டு. அசலில் வயலினும் புல்லாங்குழலும் நோகாமல் கூட வரும். இதில் டிரம்ஸ் மண்டையில் ஆணி அடித்தது.

"பாத்திரக்கடையில சண்டை நடக்குற மாதிரி இருக்குடி" என்று சிரித்தார்.

இரண்டாம் சரணம் முடிந்தது. அசலில் அந்த இடத்தில் புல்லாங்குழல் வரும். இதில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றுவிட்டன. ஒரே ஒரு விசில் மட்டும் வந்தது, சாவகாசமாக, கடைசியில் கொஞ்சம் இழுத்து.

குடித்துவிட்டு மாடிப்படி ஏறும்போது புருஷன் விசிலடிப்பது இந்த இடத்தைத்தான். இதே இழுப்பு. எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டார். கத்தரிக்கோலைக் கையிலிருந்து விடவில்லை.

"யாருடி விசிலடிச்சது?"

"நான்தான்மா."

"பொய் சொல்லாத. யார் சொல்லிக் குடுத்தா? காலேஜ் வாசல்ல யாராவது வந்தானா? என் பேரைக் கேட்டானா?"

மகள் மிரண்டு போனாள். "யாரும் வரலம்மா, சத்தியமா! அந்த இடம் வந்ததும் தானா வாயில வந்துச்சு. சின்ன வயசுல எங்கேயோ கேட்ட மாதிரி."

அப்படியென்றால் அவன் கண்டுபிடிக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. தையல்காரம்மா சுவரில் சாய்ந்து நின்றார். அவன் படியேறி வரும்போதெல்லாம் குழந்தை கண்ணை மூடி அசையாமல் கிடக்கும். நல்ல வேளை, இது தூங்கிவிட்டது, இதற்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இத்தனை வருடமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் மெதுவாக. "அந்த இடத்துல எதுக்கு எல்லாத்தையும் நிறுத்தினீங்க?"

"பசங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா நிறுத்த வெச்சேன்" என்றாள் மகள். "விசில் சத்தம் வந்தா மூச்சு விடாம இருக்கணும்லம்மா?"