x-ஐத்தான் முதலில் சேர்க்க வேண்டுமாம்

மலேசியாவின் கிள்ளானில் இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் வகுப்பு, படிக்கும் என் மகள், டியூஷனில் வைத்த சோதனைத் தாளைத் தயங்கித் தயங்கிக் காட்டினாள். ax + by + ay + bx என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். அவள் a உள்ள இரண்டையும் ஒன்றாக, b உள்ள இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, (x + y)(a + b) என்று முடித்திருந்தாள். அதன்மேல் சிவப்புக் கோடு. மூன்று புள்ளிக்குப் பூஜ்யம்.

நான் ஐந்தாம் படிவத்தோடு நின்று, சுங்கை வே தொழிற்சாலைக்குப் போனவள். ஆனாலும் தாளின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். கேள்வியே திரும்ப வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும், சீருடையோடு மகளை அழைத்துக்கொண்டு டியூஷன் வகுப்புக்கே ஆசிரியரிடம் போனேன்.

"ஆன்சர் ஸ்கீம்ல x-அ தான் முதல்ல குரூப் பண்ணியிருக்காங்க, அக்கா. இவ வேற மாதிரி செஞ்சிருக்கா லா."

"வேற மாதிரின்னா தப்பா சார்? பெருக்கிப் பாருங்க."

அவர் பெருக்கவில்லை. "சரியாத்தான் வரும். ஆனா ஸ்கீம்ல இல்லியே."

"அப்போ எதுக்குப் பாடம் நடத்துறீங்க? ஸ்கீமையே மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பிச்சை போடுவதுபோல் மூன்று புள்ளிகளை எழுதித் தந்தார்.

காரில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனிமே சார் செய்ற மாதிரியே செஞ்சிடுறேன்மா. நீங்க வராதீங்க."

ஆசிரியர்மேல் வந்ததைவிட அதிகமான கோபம் அப்போதுதான் வந்தது. அதை அவளிடம் காட்ட முடியவில்லை.