பத்து பிரெஞ்சுக் குதிரைகள்

போன வாரம் மூலக்குளத்தில் எங்கள் அடுக்ககத்துத் தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. சுருளில் வார்னிஷ் தீய்ந்த வாடை மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி வந்தது. மற்றவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் கீழே இறங்கிப் போய் மோட்டாரின் திறன் பொறித்த தகட்டைப் படித்தேன். வேலைக் காலம் முழுக்க மின்துறையில் மின்பளு சோதித்தவன். ஓய்வு பெற்றாலும் தகட்டைக் கண்டால் கை மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறது.

ஒரு குதிரைத்திறன் எழுநூற்று நாற்பத்தாறு வாட். பி.எஸ்ஸி. இயற்பியலில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். நொடிக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதுதான் திறன், குதிரைக்கு இதில் வேலையே இல்லை என்று சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் எல்லோருக்கும் வகுப்பெடுப்பேன். யாரும் கேட்டதில்லை.

அந்த அகம்பாவத்தோடுதான் எங்கள் ஊரின் சாரம் பகுதியில் காசிம் பாயின் மாவு மில்லுக்குள் நுழைந்தேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மோட்டார் தகட்டைத் துடைத்தால், பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை ஆண்ட காலத்தது போல, பிரெஞ்சில் என்னென்னவோ எழுத்து, நடுவில் பத்து என்ற எண். எழுநூற்று நாற்பத்தாறால் பெருக்கினேன். ஏழாயிரத்து நானூற்று அறுபது வாட். அவருக்கு அனுமதித்திருந்ததோ ஏழாயிரத்து முந்நூற்று அறுபது. நூறு வாட் அதிகம். விதிப்படி இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

"அது இங்கிலீஷ் குதிரை இல்ல சார், பிரெஞ்சுக் குதிரை. கொஞ்சம் எளச்சது. எங்க அத்தா அப்படித்தான் சொல்லுவாரு" என்றார் பாய்.

"குதிரை எந்த ஊரா இருந்தா என்ன பாய்? வாட் ஒண்ணுதான்."

"நோன்புக்குப் பத்து நாள்தான் இருக்கு சார். கஞ்சிக்கு நொய் ஒடைக்க சாரமே இங்கதான் வரும். அது முடிஞ்சி வந்து புடுங்கிக்குங்களேன்."

வரிசையில் நின்ற மீன்கார அக்கா ஒருவர், "நூறு வாட்டுன்னா ஒரு குண்டு பல்புதான? கழட்டிக் குடுத்துடுங்க பாய், சாரு எடுத்துட்டுப் போவட்டும்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த அதிகாரி விதியை வரிக்கு வரி கடைப்பிடிப்பான். அன்று மாலைக்குள் மில் நின்றது.

இரண்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது பாயின் முதல் அனுமதித் தாள் கையில் அகப்பட்டது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். எழுபத்தைந்து கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு பிரெஞ்சுக் குதிரைத்திறன். எழுநூற்று முப்பத்தைந்தரை வாட். பத்துக்கு ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பத்தைந்து. பாயின் மோட்டார் ஒரு வாட்கூட மீறியிருக்கவில்லை.

மறு இணைப்பு ஆணையை நானே எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் இருந்த மேடையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நோன்புக்கு வந்தவர்கள் வேறு மில்லுக்குப் போய்ப் பழகிவிட்டார்கள். மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

"அப்ப நம்ம மேல தப்பு இல்லையா சார்?"

"மறுபரிசீலனையில சரியாயிடுச்சு பாய்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "டீ சாப்பிட்டுப் போங்க" என்றார்.

அங்கே இப்போது செல்போன் கடை. பாய் மௌத்தாகிப் பல வருடம் ஆகிறது. பிரெஞ்சுத் தகடு ஒட்டிய மோட்டார் எதுவும் இந்த ஊரில் என் கண்ணில் படுவதில்லை. புதியதில் எல்லாம் கிலோவாட்டே அச்சாகி வருகிறது, யாரும் பெருக்க வேண்டியதில்லை. தப்பு என்னுடையது பாய் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். டீ ஆறும் வரைக்கும் நேரம் இருந்தது.