தலைவருக்கு மட்டும் விலக்கு

அரசன், தளபதி, வீரன் என்று வேஷம் கட்டி, மேடையே இல்லாமல் நாள் முழுக்க ஒரு கதைக்குள் வாழ்ந்து விளையாடும் கிளப் ஒன்று அப்போது முத்தியால்பேட்டையில் இருந்தது. நானும் அதில் உறுப்பினர். தலைவர் பாஸ்கர் எப்போதும் அரசன்தான்; மற்றவர்களுக்கு வேஷம் பிரித்துக் கொடுப்பதும் அவர்தான்.

ஒரு கூட்டத்தில் அவர் புது விதி கொண்டுவந்தார். "தொடர்ந்து ஆறு மாசம் ஆட்டத்துக்கு வராதவங்களுக்கு இனிமே ஓட்டு கெடையாது, தேர்தல்ல நிக்கவும் முடியாது."

குறி யாரென்று எல்லோருக்கும் தெரியும். பிரசவத்துக்காக வராமலிருந்த நசீமா, அந்த முறை தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பதாக இருந்தாள்.

நசீமா எழுந்தாள். "சரிண்ணே. போன வருசம் ஏழெட்டு மாசம் பிரான்சுல தம்பி வூட்ல இருந்தீங்களே, உங்க ஓட்டும் போயிடும்ல?"

பாஸ்கர் கொஞ்சமும் கூசாமல், "தலைவருக்கு மட்டும் விலக்குன்னு சேத்துக்கலாம்" என்றார்.

எல்லோரும் சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆட்டத்தில் நாட்டுக்காக உயிரை விட்ட அத்தனை வீரர்களும் விதிக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார்கள். எதிர்த்தது நசீமாவும் நானும் மட்டுமே.

அன்றோடு இருவரும் விலகினோம். மனிதர்கள் கோழைகளாவதற்கு ஏதாவது பெரிய பயம் வேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அடுத்த ஆட்டத்தில் தளபதி வேஷம் கிடைக்காது என்ற பயமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பெரிய மார்க்கெட்டில் அவர்களைப் பார்த்தால் இன்றும் நின்று பேசுகிறேன். மரியாதைதான் வரமாட்டேன் என்கிறது.