அகப்பைக் களியும் ஐப்பசிப் பிறப்பும்

காகிதத்தில் எனக்கு ஒரு வயது குறைவு. இதைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள், எந்தப் பெண்ணுக்குத்தான் குறையவில்லை என்று. சிரிக்கட்டும். அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நான் பட்ட பாட்டைப் பட்டிருந்தால் ஒருத்திக்கும் சிரிப்பு வராது.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சிக்குக் கீழே இருந்த காலம். கருங்கல் என்ற ஊர்ச் சந்தையில் அப்பாவுக்குப் பாயும் கயிறும் விற்கிற கடை. நான் படித்தது கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளியில். அங்கே இருந்த ஒரு மதருக்குச் சொந்த தேசம் அயர்லாந்து. அவரை இங்கிலீஷ்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது இரண்டே பொருள்தான். ஒன்று ஜெபமாலை, இன்னொன்று ஒரு கம்பு. அந்தக் கம்பின் நுனி அகப்பை மாதிரி அகன்று தட்டையாக இருக்கும். அதைத் தச்சனிடம் காட்டி, பூவரச மரத்தில் முப்பது கம்பு செய்யச் சொன்னார். செருப்புத் தைக்கிறவரிடம் தோல் பந்து தைத்து வாங்கினார். எங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார்.

அந்த ஆட்டத்துக்கு அவர் ஊரில் கமோகி என்று பெயராம். பெண்களுக்கே உரிய ஆட்டமாம். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் வைத்த பெயர் அகப்பைக் களி; எங்கள் பக்கத்தில் களி என்றால் விளையாட்டு. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம். இரண்டு கம்பம் நட்டு நடுவே குறுக்குச் சட்டம் கட்டியிருக்கும். சட்டத்துக்குக் கீழே பந்து போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பாவாடையை முழங்காலுக்குக் கீழே ஊக்குக் குத்தி ஒடுக்கிக்கொண்டு, இருபத்துநாலு பேரும் அகப்பையைச் சுழற்றிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்தால், கல்யாண வீட்டில் சோறு தீர்ந்துபோனது போல இருக்கும்.

எனக்கு ஓட வராது. அதனால் கோல் காக்கிறவள் ஆக்கினார்கள். ஓட வராதவளுக்கு ஏற்ற இடம் என்று நினைத்தார்கள், பாவிகள். எனக்குப் பந்தைக் கண்டால் ஈரக்குலை நடுங்கும். தோலுக்குள் கல்லை வைத்துத் தைத்தது மாதிரி இருக்கும் அது. பந்து வருகிற நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். கம்பை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பேன், பந்து அதில் பட்டால் உண்டு. கண்ணை மூடாதே என்று மதர் தூரத்திலிருந்து கத்துவார், "கண் மூடண்டா, குட்டி! கண் மூடண்டா!" அவருக்குத் தமிழும் மலையாளமும் ஒரே சட்டியில் வெந்திருந்தது.

எனக்குப் பதிலாள் ஒருத்தி இருந்தாள், கடற்கரை ஊரான இனயத்துக்காரி. விடுதியில் தங்கிப் படித்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனால் ஒரு முழம் கூடுதல் உயரம். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, கை இரண்டும் உலக்கை கணக்காக இருக்கும். அவளை நிறுத்தாமல் என்னை நிறுத்தியிருக்கிறாரே மதர் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். அவளும் அப்படித்தான் நினைப்பாள் என்று நான் நினைத்தேன். ஆட்டத்தின்போது கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்களைப் போல நாலு பள்ளிக்கூடத்தில் இந்த ஆட்டம் இருந்தது. அந்த நாலும்தான் உலகம். ஆனால் போட்டிக்கு மட்டும் சாம்பியன்ஷிப் என்று பெயர், பதினாறு வயது நிறையாத பெண்களுக்கு. அந்த வருசம் தை மாதம், இறுதி ஆட்டம் நாகர்கோவிலில். எங்களுக்கு எதிரே தக்கலைப் பக்கத்துப் பள்ளி. ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால் ஒரு கடிதம் வந்தது. முந்தின வருசம் யாரோ கல்யாண வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களாம். அதனால் இந்த முறை எல்லாரும் பிறப்புக்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும். வேதக்காரப் பிள்ளைகள் ஞானஸ்நானச் சீட்டு, மற்றவர்கள் ஜாதகம்.

அப்பாவிடம் ஜாதகம் கேட்டேன். பந்து விளையாடப் போவதே அவருக்குப் பிடிக்காது. மதர் கடைக்கே வந்து கேட்டதால் மறுக்க முடியாமல் விட்டிருந்தார்.

"கொண்டு போ. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ," என்றார். "இந்தக் களியினால நாலு பேரு முன்னால எனக்க பேரு கெட்டுதுன்னு கேட்டா, அன்னைக்கோட பள்ளிக்கூடம் நின்னுது. கேட்டியா?"

கேட்டேன். பத்தாம் வகுப்பு முடித்து டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மேல் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

அம்மா மத்தியானம் பெட்டியைத் திறந்து ஜாதகத்தை எடுத்துத் தந்தாள். மஞ்சள் தடவிய காகிதம். "ஐப்பசி மழையில நீ பொறந்த. பிரசவம் பாக்குற வயற்றாட்டி ஆத்தைக் கடந்து வர முடியாம நான் பட்ட பாடு," என்றாள். காகிதத்தில் கொல்லம் 1113, ஐப்பசி என்று இருந்தது.

சும்மா இருக்க மாட்டாமல் கணக்குப் போட்டேன். கொல்லம் ஆண்டை இங்கிலீஷ் ஆண்டாக்க எண்ணூற்று இருபத்தைந்து கூட்ட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை பிறந்தவர்களுக்கு எண்ணூற்று இருபத்துநாலுதான் கூட்ட வேண்டும், ஏனென்றால் இங்கிலீஷ் வருசம் இன்னும் மாறியிருக்காது. நான் பிறந்தது 1937. பள்ளிப் பதிவில் 1938 என்று இருந்தது. என்னைச் சேர்க்கும்போது அப்பா கொல்லம் ஆண்டைச் சொல்லியிருக்கிறார், எழுதினவர் மாதத்தைப் பார்க்காமல் இருபத்தைந்தைக் கூட்டிவிட்டார்.

எனக்கு மூன்று மாதத்துக்கு முன்பே பதினாறு நிறைந்துவிட்டது.

சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. சொன்னால், இத்தனை நாள் பொய் வயதில் ஆடினாள் என்று ஆகும். முந்தின ஆட்டத்தில் ஜெயித்ததும் செல்லாது. அது அப்பா காதுக்குப் போகும், அதோடு பள்ளிக்கூடம் நிற்கும். சொல்லாமல் போனால் மேசையில் வைத்துக் கண்டுபிடிப்பார்கள், அப்போதும் பள்ளிக்கூடம் நிற்கும். எப்படிப் பார்த்தாலும் என் தலைதான் உருளும். அதனால் மூச்சுக் காட்டவில்லை. தைரியத்தினால் இல்லை, வாய் திறக்கப் பயம்.

ஆட்டத்தன்று காலையில் பஸ்ஸில் இனயத்துக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏட்டி, உனக்க ஜாதகத்தைக் காட்டு. நான் கண்டதே இல்லை," என்று பிடுங்கிப் பார்த்தாள். 1113, ஐப்பசி என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. கணக்கில் அவள்தான் அவள் வகுப்பில் முதல். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், காகிதத்தை மடித்துத் தந்தாள். சரி, மேசையில் வைத்துச் சொல்லப் போகிறாள், என் இடம் அவளுக்குக் கிடைக்கும், யார்தான் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்து ஓரத்தில் மேசை போட்டு ஒரு வயசான சார் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியராம், மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில் நின்றது. வேதக்காரப் பிள்ளைகளின் சீட்டை எல்லாம் ஒரு பார்வையில் தள்ளிவிட்டார். என் ஜாதகத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டினார்.

"ஆயிரத்து நூற்றுப் பதிமூணு," என்றார். விரலை மடக்கினார். என் பின்னால் இனயத்துக்காரி நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. அவள் வாயை இப்போது திறப்பாள், இப்போது திறப்பாள் என்று நான் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"இருபத்தஞ்சு கூட்டினா... முப்பத்தெட்டு. செரி, போ மக்களே."

அவரும் மாதத்தைப் பார்க்கவில்லை! தலைமையாசிரியராக இருந்தவர்! எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் ஜாதகத்தைத் திருப்பித் தரவில்லை, மற்றக் காகிதங்களோடு சேர்த்து மேசையில் கல்லை வைத்து வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிகிற வரை அது அங்கேயே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் இன்னொரு தரம் பார்க்கலாம்.

விசில் ஊதும்போதெல்லாம் எனக்காகத்தான் ஊதுகிறார்கள் என்று தூக்கிவாரிப்போட்டது. முதல் பாதியில் இரண்டு முறை பந்து என்னைத் தாண்டிப் போயிற்று. கோட்டுக்கு வெளியே இனயத்துக்காரி கம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. இன்னும் கணக்குப் போடுகிறாள், அல்லது என்னைச் சபிக்கிறாள்.

இடைவேளையில் தாங்க முடியாமல் மதரிடம் ஓடினேன். வருவது வரட்டும், சொல்லிவிடுவோம் என்று.

"மதர், எனக்க வயசு..." என்றேன்.

"வயறு?" என்றார் மதர். "வயறு வேதனையோ?" அங்கியின் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து என் வாயில் போட்டார். பயப்படாதே என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பேடிக்கண்டா. போ, போ."

வாயில் பெப்பர்மிண்டோடு எப்படி உண்மையைச் சொல்வது? இருந்த கொஞ்ச தைரியமும் அந்த மிட்டாயோடு கரைந்துவிட்டது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிசம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். தக்கலைக்காரிகளில் ஒருத்தி, கம்பை முழு வீச்சில் வீசுகிறவள், பந்தோடு நேரே என்னைப் பார்த்து வந்தாள். அதே நேரத்தில் அவளுக்குப் பின்னால், தூரத்தில், மேசைச் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் காகிதம். ஐயோ, கண்டுபிடித்துவிட்டார்! எனக்குப் பந்து மறந்துபோயிற்று. அந்தக் காகிதத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணை மூடாமல். பந்து வந்து என் தோள்பட்டையில் இடித்துக் கீழே விழுந்தது. வலியில் கத்திக்கொண்டே அதைக் கம்பால் வெளியே தள்ளினேன்.

சார் காகிதத்தால் விசிறிக்கொண்டார். அவருக்கு வேர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெயித்தோம். மதர் அழுதார். எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், தோள் வலியில் நான் அலறினேன். ஜாதகம் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸிலும் இனயத்துக்காரி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தக்கலை தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ ஐப்பசியில பொறந்தவ. இருபத்திநாலுதான் கூட்டணும்."

"உனக்குத் தெரியுமா? பின்னே ஏம்ட்டி சொல்லல்லை? சொல்லியிருந்தா நீ ஆடியிருக்கலாம்லா?"

"அதுனாலதான் சொல்லல்லை," என்றாள். "எனக்கு அந்தப் பந்தைக் கண்டா பேடி. உன்னைப் பிடிச்சிரக் கூடாது, உன்னைப் பிடிச்சிரக் கூடாதுன்னு காலைலயிருந்து ஜெபமாலை சொல்லிட்டே இருந்தேன். ரெண்டு ஜெபமாலை முடிஞ்சு."

அத்தனை நாளும் அவள் முறைத்தது முறைப்பே இல்லை. என்னைப் போலவே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் மட்டும்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேனே! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கடல்புறத்துக்காரிக்குப் பயமா?" என்றேன்.

"கடலுக்குப் போறது எனக்க அப்பன். நான் இல்லை."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள். "அடுத்த வருசம் உனக்குக் காகிதத்திலயும் பதினாறு நிறைஞ்சிரும். நீ ஆட முடியாது. பின்னே கோல்ல யாரு நிப்பா?"

எல்லாருக்கும் தெரியும் யார் நிற்பாள் என்று.

"எனக்க ஞானஸ்நானச் சீட்டுல ஒரு பிழையும் இல்லைட்டி," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் எல்லாரும் பார்க்க, அவ்வளவு பெரிய பிள்ளை ஓவென்று அழுதாள்.